கண் நீர் அழுத்த நோயும் பார்வைக் காப்பும்

கண்ணிலிருந்து மூளைக்குக் காட்சியைக் கொண்டுசெல்லும் பார்வை நரம்பு சிறிது சிறிதாக நலிந்து, பார்க்கும் பரப்பு ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் நோய்த்தொகுதியை மருத்துவர்கள் கிளாக்கோமா என்கின்றனர்; தமிழ் நூல்களில் கண் நீர் அழுத்த நோய் என்றும், மருத்துவமனை வரிசையில் நிற்பவர்களின் பேச்சில் ‘கண் பிரஷர்’ என்றும் இது வழங்குகிறது. இந்நோயால் இழந்த பார்வையை இன்றுள்ள எந்த மருந்தும் எந்த அறுவையும் மீட்டுத் தருவதில்லை. எஞ்சியிருக்கும் பார்வையை நெடுங்காலம் காத்துத் தர மட்டும் பெரும்பாலானோருக்கு மருத்துவத்தால் முடிகிறது. ஆகவே எவ்வளவு பார்வை மிச்சமிருக்கும்போது நோய் கண்டுபிடிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. வலியோ சிவப்போ மங்கலோ இல்லாமல் வளர்வதே இதன் மிகப் பரவலான வகையின் இயல்பு என்பதால், ‘கண்ணுக்கு ஏதாவது செய்தால் போய்க் காட்டிக்கொள்ளலாம்’ என்ற வழக்கமான கணக்கு இங்கே செல்லாது. வயதையும் இரத்த உறவையும் கணக்கில் வைத்தே மருத்துவரிடம் போக வேண்டியிருக்கிறது.

அரவிந்த் கண் மருத்துவமனையினர் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் சிற்றூர்களில் நாற்பது வயது நிரம்பிய 5,150 பேரைப் பரிசோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. சென்னை சங்கர நேத்ராலயா அதே ஆண்டுகளை ஒட்டித் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் நடத்திய ஆய்வில், திறந்த கோண வகை நோய் உள்ளவர்களில் 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தங்களுக்கு அது இருப்பதையே அறிந்திருக்கவில்லை. மருத்துவமனைகள் நிறைந்த சென்னை நகரில் அந்த எண் 94 விழுக்காடு. மருத்துவமனை அருகில் இருப்பது மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தென்மாவட்டக் கணக்கைப் புதுக்கோட்டை மாவட்டத்து ஊராட்சி ஒன்றுக்குப் பொருத்திப் பார்த்தால், நாற்பது கடந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கும் இடத்தில் ஏறத்தாழ இருபத்தைந்து பேர் இந்நோயோடு வயலுக்கும் வாரச் சந்தைக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்வந்துகொண்டிருப்பார்கள் என்று கொள்ளலாம்.

நோய் நிகழும் விதம்

விழியின் முன்பகுதியில், கண்ணீரோடு தொடர்பில்லாத நிறமற்ற நீர் ஒன்று இடைவிடாமல் சுரந்துகொண்டிருக்கிறது. கண்மணியைச் சுற்றி நிறத்தோடு தெரியும் ஐரிஸ் என்னும் வளையத் திரைக்குப் பின்னே சுரக்கும் அந்நீர், கண்மணியின் வழியாக முன்னே வந்து, ஐரிஸும் கருவிழியும் சேருமிடத்தில் உள்ள சல்லடை போன்ற திசுவின் ஊடாக வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சேர்விடத்தையே மருத்துவர்கள் ‘கோணம்’ என்று குறிப்பிடுகின்றனர். வரத்து வாய்க்கால் ஓடிக்கொண்டேயிருக்கக் கலிங்கு அடைபட்டுப்போன கண்மாயில் கரை தாங்க வேண்டிய பளு ஏறுவதைப் போல, வடிகால் குறையும்போது விழிக்குள் அழுத்தம் ஏறுகிறது. பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இயல்பெனக் கொள்ளப்படும் இவ்வழுத்தம், விழியின் பின்புறம் பார்வை நரம்பு புறப்படும் இடத்தை நெருக்குகிறது. ஒரு கண்ணின் பார்வை நரம்பில் பத்து முதல் பன்னிரண்டு லட்சம் நுண்ணிழைகள் இருக்கின்றன. அவை நலிய நலிய நரம்பின் முகப்பில் உள்ள குழிவு அகலமாகிறது. அந்தக் குழிவைத்தான் மருத்துவர் கருவியில் குனிந்து தேடுகிறார்.

வடிகாலின் வாய் திறந்தே இருந்தும் சல்லடைத் திசு சரியாக வடிக்காத நிலை திறந்த கோண வகை. ஐரிஸ் முன்னே நகர்ந்து வாயையே அடைத்துக்கொள்வது மூடிய கோண வகை. முன்னது அரவமின்றிப் பல ஆண்டுகள் வளரும். அதன் சேதம் பெரும்பாலும் நேர்ப்பார்வையைக் கடைசிவரை தொடுவதில்லை. ஒரு கண்ணில் விழுந்த வெற்றிடத்தை மறு கண் ஈடுசெய்கிறது, மீதியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. அதனால் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் பிழையின்றிப் படித்துக் காட்டுபவருக்கும் நோய் முற்றியிருக்கக்கூடும். பேருந்து நிலையத்தில் பக்கவாட்டில் வரும் ஆளோடு மோதுவது, படியில் கால் தவறுவது, வரப்பில் தடுமாறுவது போன்றவை தெரியத் தொடங்கும்போது நரம்பின் பெரும்பகுதி போயிருக்கும். அந்தத் தடுமாற்றத்தையும் வீட்டார் வயதின் மேல் ஏற்றிவிடுவதே வழக்கம்.

இன்னொரு செய்தியும் இங்கே சொல்லப்பட வேண்டும். சென்னை ஆய்வுகளில் திறந்த கோண நோய் உறுதியானவர்களில் பெரும்பாலோருக்குப் பரிசோதனை நாளில் அழுத்தம் 21க்குள்தான் இருந்தது. அழுத்தம் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்குவது ஒரு காரணம்; சிலருடைய நரம்பு இயல்பான அழுத்தத்தையும் தாங்கும் வலுவற்றது என்பது மற்றொரு காரணம். ஆகவே கண்ணில் காற்றை ஊதி அழுத்தம் மட்டும் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர் முழுப் பரிசோதனை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது.

மூடிய கோண வகை சிலருக்குத் திடீரென்று தாக்கும். ஒரு கண்ணில் தாங்க முடியாத வலி, அதே பக்கத்தில் மண்டை பிளக்கும் தலைவலி, குமட்டல், வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கலங்கிய பார்வை ஆகியவை சேர்ந்து வரும். வாந்தி முன்னுக்கு நிற்பதால் பித்தம் என்றும் ஒற்றைத் தலைவலி என்றும் கருதி ஊசி போட்டுக்கொண்டு இரவைக் கழித்துவிடுவது கிராமங்களில் நேர்கிறது. சில மணி நேரத்துக்குள் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் நரம்பு நிலையாகப் பழுதாகும் என்பதால், வலிக்கும் கண் சிவந்து பார்வையும் மங்கியிருந்தால் 108ஐ அழைத்தாவது கண் மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு அன்றே சென்றுவிட வேண்டும். பெண்களிடமும், சிறிய விழி அமைந்தவர்களிடமும், தொலைவுக்கே பிளஸ் பவர் கண்ணாடி அணிபவர்களிடமும் இவ்வகை மிகுதி. வேலூர் நகரில் முப்பது முதல் அறுபது வயதுக்குட்பட்டோரை ஆராய்ந்து 1998இல் வெளியான ஆய்வில் திறந்த கோணத்தைவிட மூடிய கோணமே பல மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. ஆகவே தமிழகத்தில் இதை அரிய நோயாக ஒதுக்கிவிட முடியாது.

வேறு வழிகளில் வருவது

தவிர்க்கக்கூடிய காரணங்களுள் முதலிடம் ஸ்டீராய்டு சொட்டு மருந்துக்கு உரியது. கண் அரிப்புக்கும் சிவப்புக்கும் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கப்படும் மருந்துகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் ஆகியவற்றுள் ஒன்று கலந்திருக்கும். இவை சிவப்பை ஒரே நாளில் அடக்கிவிடுவதால் ‘நல்ல மருந்து’ என்று பெயர் பெற்று, பழைய புட்டியைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்கப்படுகின்றன. வாரக்கணக்கில் தொடரும்போது சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, கண்ணழுத்தம் வேகமாக ஏறுகிறது. ஆண்டுதோறும் கோடையில் கண் அரிப்பு வரும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மருந்து எழுதித் தந்த நாள் எண்ணிக்கை முடிந்ததும் புட்டியைத் தூக்கி எறிந்துவிடுவது நல்லது.

அடிபட்ட கண் அடுத்தது. ஆண்டின் முதல் சல்லிக்கட்டு பெரும்பாலும் நடக்கும் தச்சங்குறிச்சி தொடங்கிக் கோடை வரை வாடிவாசல்கள் திறந்துகொண்டேயிருக்கும் மாவட்டம் புதுக்கோட்டை. மாட்டின் முட்டும், கிட்டிப்புள்ளும், கிரிக்கெட் பந்தும், வெடித்த பட்டாசும் கண்ணில் கிழிசல் எதையும் ஏற்படுத்தாமலேயே உள்ளே இருக்கும் கோணத்தைப் பிய்த்துவிடக்கூடும். வீக்கம் வடிந்து பார்வை தெளிந்த பிறகும், பல ஆண்டுகள் கழித்து அந்தக் கண்ணில் அழுத்தம் ஏறலாம். ஆகவே மொத்தடி பட்ட கண்ணை ஆண்டுக்கு ஒரு முறை காட்டுவது தேவையாகிறது.

கண்புரை முற்றினால்தான் அறுவை நன்றாக அமையும் என்ற நம்பிக்கை பழைய அறுவை முறைகளின் காலத்தில் பொருளுடையதாக இருந்தது. இன்று அது வெறும் அபாயம். முற்றிய புரை ஊதிப் பெருத்து ஐரிஸை முன்னே தள்ளி வடிகாலை அடைக்கிறது, அல்லது அதன் புரதம் கசிந்து சல்லடைத் திசுவில் தேங்குகிறது. ‘நன்றாக முற்றட்டும், கண்ணுக்குச் சொட்டு விட்டுக்கொண்டிருப்போம்’ என்று காத்திருந்தவர் ஒரு நாள் வலியோடு வரும்போது, புரையை எடுத்தும் பார்வை திரும்பாமல் போகலாம்.

பிறவியிலேயே வடிகால் சரியாக உருவாகாத குழந்தைகளும் உண்டு. விழி மென்மையாக இருக்கும் வயதாகையால் அழுத்தத்தில் கண்ணே பெரிதாகிறது. அந்தப் பெரிய கண்ணை அழகென்று எண்ணித் திருஷ்டி கழிப்பதோடு நின்றுவிடுபவர்கள் இருக்கிறார்கள். பெரிய கண்ணோடு ஓயாத நீர்வடிதலும், வெளிச்சம் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், கருவிழியில் மங்கலும் சேர்ந்தால் நாள் கடத்தக் கூடாது. இதற்கு அறுவையே முதன்மைச் சிகிச்சை. அக்காள் மகள், அத்தை மகள், மாமன் மகன் என்று நெருங்கிய உறவில் மணம் முடித்த குடும்பங்களில் இது சற்று மிகுதியாகத் தோன்றுகிறது. முதல் குழந்தைக்கு இருந்தால் அடுத்த குழந்தையைப் பிறந்தவுடனேயே பரிசோதிக்க வேண்டும்.

பரிசோதனை

நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்து இந்நோயைக் கண்டுபிடிக்க வாய்த்த தருணம். சந்தையிலோ கடைவீதியிலோ கண்ணாடியை மாட்டிப் பார்த்து எழுத்துத் தெரிந்ததும் வாங்கிக்கொண்டு போவதால் அந்தத் தருணம் நழுவிப்போகிறது. வெள்ளெழுத்துக் கண்ணாடிக்காகவே கண் மருத்துவரிடம் சென்று, அழுத்தத்தையும் நரம்பையும் சேர்த்துப் பார்க்கும்படி வாய்விட்டுக் கேட்பதும், பிறகு இரண்டாண்டுக்கு ஒரு முறை அதைத் தொடர்வதும் போதிய காப்பு. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ நோய் இருப்பவர், சர்க்கரை நோயாளி, கிட்டப்பார்வைக் கண்ணாடி அதிக பவரில் அணிபவர், நீண்டநாள் ஸ்டீராய்டு எடுப்பவர் ஆகியோருக்கு ஆண்டுதோறும் தேவைப்படும். ‘எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை’ என்று சொல்லும் முன், கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் திண்ணையோடு கிடந்த பாட்டனோ பாட்டியோ உண்டா என்று விசாரிக்க வேண்டும். அவர்களில் சிலருக்கு இந்நோயே இருந்திருக்கலாம், அந்நாளில் அதற்குப் பெயர் வைக்க ஆளில்லை.

முறையான பரிசோதனையில் நான்கு செயல்கள் அடங்கும். மரப்பு மருந்தும் மஞ்சள் சாயமும் இட்டு, நீல ஒளியில் சிறு முனையால் கருவிழியைத் தொட்டு அழுத்தம் அளப்பது ஒன்று. கண்ணாடி பதித்த லென்ஸைக் கண்மேல் வைத்துக் கோணம் திறந்திருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. அவசரத்தில் அதிகம் விடுபடுவது இதுதான். மூன்றாவது நரம்பின் குழிவை நோக்குவது. தேவைப்பட்டால் ஓசிடி என்னும் ஒளிப்படக் கருவியால் இழைகளின் தடிமனை அளப்பார்கள். நான்காவது விழிப்புலச் சோதனை. இதில் ஒரு கண்ணை மூடி, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தைப் பொருத்தி, நடுப்புள்ளியிலிருந்து பார்வையை எடுக்காமல், அங்கங்கே மின்னும் ஒளிப்புள்ளி தெரியும் போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். முதியோர் பலர் இதைத் தேர்வு என்று நினைத்துப் பதறுகிறார்கள். புள்ளி தெரியாதபோதும் அழுத்திவிடுகிறார்கள். பார்வையின் எல்லையை அறிவதற்காக ஒளி மங்கிக்கொண்டே போவதால், நல்ல கண்ணுக்கும் பாதிப் புள்ளிகள் தெரியாமல்தான் இருக்கும். கண் சிமிட்டலாம், களைத்தால் நிறுத்தி ஓய்வெடுக்கலாம். முதல் முறை முடிவு நம்பத்தக்கதாக அமையாவிட்டால் மீண்டும் எடுப்பது வழக்கம்.

வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தின் கண் மருத்துவ உதவியாளரிடம் தொடங்கி, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்கும், மேற்சிகிச்சைக்கு ஐம்பது கிலோமீட்டரை ஒட்டியுள்ள திருச்சிக்கும், நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மதுரைக்கும் செல்வதே இம்மாவட்டத்தாரின் இயல்பான பாதை. ஊருக்கு வரும் கண் சிகிச்சை முகாம்கள் முதன்மையாகக் கண்புரையைத் தேடி வருபவை என்பதை மறந்துவிடக் கூடாது. ‘புரை இல்லை’ என்று முகாமில் சொல்லப்பட்டதற்கு நோயே இல்லை என்று பொருள் கொள்வது தவறு.

சொட்டு மருந்து

கண்புரை அறுவைக்குப் போனவர் மறுநாளே பேரப்பிள்ளை முகத்தைத் தெளிவாகப் பார்க்கிறார். கண் நீர் அழுத்த நோயாளிக்கு அப்படி எந்த வெகுமதியும் கிடையாது. மருந்து எரிகிறது, கண் சிவக்கிறது, மாதந்தோறும் பணம் போகிறது, பார்வையோ இருந்தபடியே இருக்கிறது. அப்படி இருந்தபடியே இருப்பதுதான் சிகிச்சையின் வெற்றி என்பதை முதல் நாளிலேயே யாரேனும் பொறுமையாகச் சொல்லியிருந்தால், பாதியில் நிறுத்துவோர் தொகை குறைந்திருக்கும். அமெரிக்காவில் கண்ணழுத்தம் உயர்ந்து நரம்பு இன்னும் பழுதாகாதவர்களிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் மருந்திட்டவர்களில் 4.4 விழுக்காட்டினரும், இடாதவர்களில் 9.5 விழுக்காட்டினரும் நோய்க்கு ஆளாயினர்.

லேட்டனோபுரோஸ்ட் வகை மருந்து இரவில் ஒரு வேளை போதும். இமை முடி நீள்வதும் கண்ணைச் சுற்றிக் கருமை படர்வதும் இதன் பக்க விளைவுகள். திறக்காத புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டிய வகைகள் இதில் உள்ளதால், அந்த வசதி இல்லாத வீட்டார், குறிப்பாகச் சித்திரை வெயிலில், வெளியில் வைக்கத்தக்க வகை உண்டா என்று மருத்துவரைக் கேட்பது நல்லது. டிமோலால் விலை மலிவு. ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறலையும், இதயத் துடிப்பு குறைவானவருக்கு மயக்கத்தையும் தரக்கூடும் என்பதால், இழுப்பு உண்டென்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நோயாளி சொல்லிவிட வேண்டும்.

மருந்து இடும் முறையில்தான் பாதிப் பயன் அடங்கியிருக்கிறது. கையைக் கழுவி, பாயில் மல்லாந்து படுத்து அல்லது நாற்காலியில் தலையைச் சாய்த்து, கீழிமையை விரலால் இழுத்தால் சிறு பை போல இடம் விடும். புட்டியின் முனை இமையிலோ முடியிலோ படாமல் அந்தப் பையில் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். கண்ணின் கொள்ளளவு ஒரு சொட்டுக்கும் குறைவாதலால் இரண்டாம் சொட்டு கன்னத்தில் வழியவே செய்யும். பிறகு கண்ணை மெல்ல மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்வதால், மருந்து கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கும் இரத்தத்துக்கும் இறங்குவது குறைகிறது. தொண்டையில் கசப்புத் தட்டினால் விரலால் அழுத்தியது சரியில்லை என்று அறியலாம். இரண்டு மருந்துகளுக்கு இடையே ஐந்து நிமிடமாவது விட வேண்டும். புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவைத்து, நான்கு வாரம் கழித்து மிச்சமிருந்தாலும் எறிந்துவிட வேண்டும். கை நடுங்குபவர் நெற்றியில் கையை ஊன்றிக்கொள்ளலாம், அல்லது வீட்டில் ஒருவர் பொறுப்பேற்கலாம்.

கலியாணம், துக்கம், பாதயாத்திரை என்று வெளியூர் போகும்போது மருந்து வீட்டிலேயே தங்கிவிடுவதும், பரிசோதனைக்கு முதல்நாள் மட்டும் ஒழுங்காக இட்டுக்கொண்டு போவதும் மருத்துவர்கள் அன்றாடம் காண்பவை. பின்னது மருத்துவரையும் ஏமாற்றி, தேவையான சிகிச்சை மாற்றத்தைத் தள்ளிப்போடச் செய்கிறது. நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், தேன் ஆகியவை அழுத்தத்தைக் குறைப்பதில்லை. கிருமித் தொற்றை வரவழைக்கக்கூடும். சிரசாசனத்தின்போது கண்ணழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவதைச் சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் அளந்து 2006இல் வெளியிட்டிருப்பதால், தலைகீழ் ஆசனங்களை நோயாளிகள் விட்டுவிடுவது நல்லது. ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தண்ணீர் குடிப்பதையும் தவிர்த்து, அதே நீரைப் பிரித்துக் குடிக்கலாம். நடை, வயல் வேலை, தொலைக்காட்சி, படிப்பு ஆகியவற்றுக்குத் தடையில்லை.

லேசரும் அறுவையும்

மூடிய கோணத்துக்கு ஐரிஸின் ஓரத்தில் லேசரால் நுண்துளை இட்டு நீருக்கு மாற்றுவழி அமைப்பார்கள். புறநோயாளிச் சீட்டு வாங்கி வந்த அன்றே முடிந்து வீடு திரும்பலாம். திறந்த கோணத்தில் சல்லடைத் திசுவைத் தூண்டும் வேறொரு லேசர் உண்டு. சொட்டு மருந்துக்கு முன்பே இதைத் தொடங்கலாம் என்பதற்கு 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வு வலுவூட்டியது. மருந்தை நாள்தோறும் இட இயலாதவருக்கு இது குறிப்பாகப் பொருந்தும். ஆயினும் சில ஆண்டுகளில் பயன் தேயக்கூடும்.

அறுவையின் வரலாற்றில் தமிழகத்துக்குத் தனி இடம் உண்டு. 1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், வெண்விழியும் கருவிழியும் சேருமிடத்தில் வட்டத் துளையிட்டு, உள்நீரை மேற்படலத்தின் அடியில் வடியச் செய்யும் முறையை 1909 முதல் கையாண்டு உலகெங்கும் பரவச் செய்தார். துளை நேரடியாகத் திறந்திருந்ததால் கண் தளர்ந்துபோவதும் கிருமி புகுவதும் நேர்ந்தன. துளையை மெல்லிய மடலால் மூடும் டிராபெகுலெக்டமி என்னும் முறை 1968இல் இங்கிலாந்தில் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. இன்று பெரும்பாலும் செய்யப்படுவது இதுவே. இதுவும் பலிக்காதவர்களுக்கு நீரை வடிக்கும் சிறு குழாய்க் கருவி பொருத்தப்படுகிறது. வெளிநாட்டுக் கருவிகளின் விலைக்கு எட்டாதவர்களுக்காக மதுரை ஆரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் ஒன்றைத் தயாரித்து வருகிறது. அறுவையான கண் சிவந்து, வலித்து, பீளை தள்ளினால், எத்தனை ஆண்டு கழிந்திருந்தாலும் அதை அவசரமாகவே கருத வேண்டும். அறுவைக்கு முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தனக்குரியது சேருமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துக்கொள்ளலாம்.

எஞ்சிய பார்வையோடு

நோய் முற்றிய பிறகு வந்தவருக்கு வீட்டில் செய்யக்கூடியவை பல. நிலைப்படியிலும் மாடிப்படியின் விளிம்பிலும் வெளிர் நிறப் பட்டை அடிப்பது, இரவில் வாசலுக்கும் கழிப்பறைக்கும் விளக்கு வைப்பது, நடைபாதையில் கட்டிலையும் குடத்தையும் இடம் மாற்றாமல் இருப்பது ஆகியவை விழுவதைக் குறைக்கும். இருசக்கர வாகனம் ஓட்டலாமா என்பதை எழுத்துப் பலகையைக் கொண்டு முடிவுசெய்யக் கூடாது. விழிப்புல அறிக்கையைப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும்.

மாற்றுத்திறனாளிச் சான்று எழுத்துப் படிக்க முடியாதவருக்கே உரியது என்ற எண்ணத்தால் பலர் உரிய உதவியை இழக்கின்றனர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வைக் கூர்மையோடு பார்க்கும் பரப்பையும் அளவாகக் கொண்டுள்ளது. பரப்பு 40 பாகைக்குக் கீழே சுருங்கி 10 பாகை வரை இருந்தால் குறைபார்வை என்றும், 10 பாகைக்கும் குறைந்தால் பார்வையின்மை என்றும் அது வரையறுக்கிறது. நடுப்பார்வை நன்றாக இருந்தும் ஓரங்களை இழந்தவர், தம் விழிப்புலச் சோதனை அறிக்கைகளை ஆண்டு வரிசையில் சேர்த்துவைத்து, மாவட்ட மருத்துவக் குழுவின் முன் கண் மருத்துவரிடம் அவற்றைக் காட்டிப் பரப்பின் அடிப்படையில் மதிப்பிடும்படி கேட்கலாம்.